நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

அத்தியாயம் 9

"பாஸ், வரைபடம் வந்தாச்சு. இதுல தண்ணிய விட கேப்டன் ஜாஸ்தி."

பெர்கித் கோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதச் சுருளை உருவி மேஜை மேல் விரித்தாள். மூலைக்கு ஒன்றாக நான்கு காபிக் கோப்பைகளை வைத்த பிறகுதான் அது அடங்கிப் படுத்தது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் அவளிடம் பல்லிளித்துக்கொண்டே கொடுத்தது. மை இன்னும் விரலில் ஒட்டியது.

துப்பறியும் அஸ்லாக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். எண்பதாவது பாகைக்கு வடக்கே இரண்டு பனித் தீவுகள். நடுவில் பத்து மைல் நீளத்துக்கு ஒரு நீரிணை. அதன்மேல் கொட்டை எழுத்தில் 'ரீமர்ஸ் நீரிணை' என்றிருந்தது. இந்தப் பக்கம் ரீமர்ஸ் முனை. அந்தப் பக்கம் ரீமர்ஸ் மலை.

"கேப்டனோட நாய்க்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் அஸ்லாக்.

"தெற்கால ஒரு தீவு இருக்கு பாஸ். அது நாயோட பேரா, மாமியாரோட பேரான்னு அச்சகத்துல ஒரே சண்டை."

மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த யென்சினா சிரிக்கவில்லை. நாற்பது வயது. மீன் உலர்த்தும் கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் உப்பு வெடிப்புகள். அவள் கணவன் ஐலர்ட், கேப்டன் ரீமர்ஸின் கப்பலில் துணைத் தலைவனாக இருந்தவன். 1931 கோடையில் அந்த நீரிணைக்குள் கேப்டனும் அவனும் மட்டும் ஒரு சிறு படகில் போனார்கள். கேப்டன் மட்டும் திரும்பினார். ஐலர்ட் ஆகஸ்ட் பதினான்காம் தேதி காய்ச்சலில் செத்துப்போனதாகவும், தன் கையாலேயே கல் அடுக்கிப் புதைத்ததாகவும் கப்பல் குறிப்பில் எழுதினார். அடுத்த கோடையிலும் அதே இடத்துக்குப் போய்த் தனியாகக் கரையிறங்கினார். வரும்போது கையில் இந்த வரைபடம் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் பேரு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள் யென்சினா.

பெர்கித் விரலை ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தொரு பெயர்கள். "இல்லக்கா."

"ஒரு சின்னப் பாறைக்குக்கூடவா?"

"இல்லக்கா."

"கேப்டனுக்கு ஆழம் பாக்கற கயித்துல குண்டு எந்த முனைல இருக்கும்னுகூடத் தெரியாதுங்க. அளந்தது இவர்தான். எனக்கு அடிச்சுச் சொல்லத் தெரியும், காட்டத்தான் ஒண்ணும் இல்ல. ரெண்டு மணிக்கு, படத்துல பேரை உறுதி பண்ற பேர்க் குழு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சது. திங்கக்கிழமை அஞ்சு கப்பல் இந்தப் படத்தை வெச்சுக்கிட்டுப் புறப்படுது. ஊரே ரீமர்ஸ், ரீமர்ஸ்னு சொல்லும்." அவள் எழுந்து சால்வையை இழுத்து முடிந்தாள். "செத்த மனுஷனுக்கு வேற என்ன கேக்கறேன்? அவர் அளந்த தண்ணிக்கு அவர் பேரு. அவ்வளவுதான்."

"ரெண்டு மணிக்கு அங்க வந்துடுங்க" என்றார் அஸ்லாக்.

அவள் படியிறங்கிப் போன பிறகும் பெர்கித்தின் விரல் ஒரே இடத்தில் நின்றது. அவள் முகத்தில் ஒரு கெட்ட சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பையும் வாயையும் அடக்கத் தெரியாமல்தான் போன வருஷம் தொலைபேசி நிலையத்து வேலையைத் தொலைத்தாள். பிஷப் பேசிக்கொண்டிருந்தபோது லைனில் நடுவே புகுந்து ஒரு நக்கல் அடித்திருந்தாள்.

"பாஸ், கேப்டன் எந்த ஊரு?"

"ஓஸ்லோ. ஏன்?"

"இங்க பாருங்க. நீரிணையோட வாய்க்கு நடுவுல நங்கூரக் குறி. பக்கத்துல பேரு, 'நல்லவள்'."

"நல்ல துறைமுகம். அதனால நல்லவள். இதுல என்ன?"

"இருபது வருஷமா ட்ரொம்சோல குப்பை கொட்டறீங்க, இதுகூடத் தெரியலையே! கடல்ல போறப்ப எங்காளுங்க கத்தியக் கத்தின்னு சொல்ல மாட்டாங்க. பாதிரியாரப் பாதிரியார்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா அது காதுல விழுந்துடும். கப்பலக் கிழிக்கற பாறைன்னா இன்னும் மோசம், அதுக்குப் பேரே வைக்கக் கூடாது. 'நல்லவ'ன்னுதான் சொல்லணும். எங்க தீவுக்கு வெளியில ஒரு நல்லவ இருக்கா. எங்க மாமா ரெண்டு பேரும் அவகிட்டதான் இருக்காங்க."

கொத்துகிற நாகத்தை நாம் நல்ல பாம்பு என்று சொல்கிற அதே பயம்தான். வட கடல்காரன் ஒருவன் பயந்து எழுதிய பெயரை ஓஸ்லோக்காரர் நிஜமாகவே நல்லது என்று நம்பி, மேலே நங்கூரத்தையும் வரைந்து வைத்துவிட்டார்.

"ஆக, பேரு வெச்சது ஐலர்ட்" என்றார் அஸ்லாக் மெதுவாக. "படம் திருட்டுப் படம். சபாஷ் பெர்கித்."

"வெறும் சபாஷா? ஒரு காபி சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் மேல் கவிழ்ந்தார். நீரிணை முழுக்கப் பொடிப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இத்தனை பாகம் ஆழம் என்று ஓர் எண்; ஒரு பாகம் ஆறடி. கால்மணி நேரம் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் நன்றாக இல்லை.

"உனக்குத் துடுப்புப் போட வருமா?"

*

ஊருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் ஓடும் நீரோட்டத்தில் இரவல் படகு ஒன்று திண்டாடியது. துடுப்பு பெர்கித்திடம். அஸ்லாக் சொகுசாக உட்கார்ந்து, ஈயக் குண்டு கட்டிய கயிற்றை விடுவதும், ஆழத்தைக் குறிப்பதும், கரையிலிருந்த தேவாலயக் கோபுரத்தையும் கிடங்குப் புகைபோக்கியையும் குறிபார்த்துக் காகிதத்தில் புள்ளி வைப்பதுமாக இருந்தார்.

"நேராப் போ."

"நேராத்தான் பாஸ் போறேன். கடல்தான் கோணலாப் போகுது."

பத்துப் புள்ளி வைத்ததும் அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். கோழி கிளறின இடம் மாதிரி இருந்தது.

"நீ நல்லாவே துடுப்புப் போட்ட. இருந்தும் இதான் வந்தது. இப்ப இதப் பாரு." வரைபடத்தை மடித்தபடியே நீட்டினார். "நானூத்தி பன்னெண்டு புள்ளி. அத்தனையும் நூல் பிடிச்ச மாதிரி. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரே இடைவெளி. இதைவிட வேகமா ஓடற நீரோட்டத்துல எந்தப் படகால இப்படி முடியும்?"

"எந்தப் படகாலயும் முடியாது. நடந்து போனாத்தான்..."

பெர்கித் துடுப்பை நிறுத்தினாள். படகு தானாகத் திரும்பியது.

நடந்து போனால்தான் முடியும். கடல் உறைந்த பிறகு, அதன்மேல் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போய், ஐம்பது எட்டுக்கு ஒரு குழி வெட்டி, குழிக்குள் குண்டை இறக்கி அளந்தால்தான் இப்படி வரும்.

"அந்தப் பக்கம் கடல் எப்ப உறையும்?" என்று கேட்டார் அஸ்லாக், தெரிந்தே.

"ஆள் நிக்கற அளவுக்குன்னா நவம்பர் பாதி." அவள் குரல் இறங்கிவிட்டது. "கேப்டனோட கப்பல் ரெண்டு வருஷமும் செப்டம்பர்லயே இங்க வந்துடுச்சு. அப்படின்னா ஆகஸ்ட் பதினாலு பொய். புதைச்சது பொய். பாஸ், அந்த ஆளை உசிரோட விட்டுட்டு வந்திருக்கான்."

"அங்க வேட்டைக்காரங்க கட்டின பழைய குடிசை ஒண்ணு இருக்கு. ஐலர்ட் அதுல இருந்திருக்கணும். சும்மா உக்காராம அளந்திருக்கார். அடுத்த கோடையில கேப்டன் போறப்ப மேஜை மேல எல்லாம் தயாரா இருந்திருக்கு, ஆள் மட்டும் உசிரோட இல்ல."

"தூக்குல போடணும் அந்த நாய! ரெண்டு மணிக்கு வெச்சுக்கறேன்."

"ரெண்டு மணிக்கு நீ வாயே திறக்கக் கூடாது" என்றார் அஸ்லாக். "நல்லவளை மட்டும் சொல்லுவோம். படம் ஐலர்ட்டோடதுன்னு நிரூபிக்க அது போதும். நீரிணைக்கு அவர் பேரு கிடைச்சுடும். யென்சினா கேட்டது அதுதான். இந்தப் புள்ளி விஷயத்தை அப்புறமா நான் போலீஸ்ல தனியாச் சொல்லிக்கறேன், அந்தம்மா காதுல விழாம."

"ஏன் பாஸ்?"

"1931 செப்டம்பர் பன்னெண்டாம் தேதி நீ எங்க வேலை பாத்த?"

பெர்கித் துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். மறக்கக்கூடிய தேதியா அது? தொலைபேசி நிலையத்தில் யென்சினாவுக்கு லைன் போட்டவளே அவள்தான். கடல் இன்னும் திறந்திருந்த நேரம். பன்னிரண்டு பேர் ஒரு கப்பலைத் தயார் செய்து, ஐலர்ட்டின் உடலையாவது கொண்டு வருகிறோம் என்று கிளம்பி நின்றார்கள். யென்சினா துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டு, போக வேண்டாம் என்று தடுத்தாள். பனி வரும் காலம், மற்ற பெண்களின் தாலி அறுந்துவிடக் கூடாது என்ற நினைப்பு. பத்திரிகையில் அவள் படம் போட்டுப் புகழ்ந்தார்கள்.

"அந்தம்மாவுக்கு இது தெரியவே கூடாது" என்றார் அஸ்லாக். "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாஸ்."

புரிந்தது என்னவோ நிஜம்தான்.

*

பெயர்க் குழுவின் அறையில் கோட்டுப் போட்ட ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, பழுப்புச் சீஸ் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் ஷெல்விக்கின் விரல் வரைபடத்தில் 'ஷெல்விக் விரிகுடா' என்ற இடத்தைத் தடவியபடியே இருந்தது. குழுவில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு விரிகுடாவோ முனையோ வைத்திருந்தார் கேப்டன் ரீமர்ஸ். அதனால் அவரவர் தன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. மற்றதை ஒருவரும் படிக்கவில்லை.

ரீமர்ஸ் உயரமான மனிதர். வெட்டி விட்ட வெள்ளைத் தாடி, இதமான குரல். யென்சினாவைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"ஒரே ஒரு கேள்வி கேப்டன்" என்றார் அஸ்லாக். "இந்த நங்கூரத் துறையில நீங்களே நங்கூரம் போட்டீங்களா?"

"ரெண்டு ராத்திரி" என்று சிரித்தார் ரீமர்ஸ். "தொட்டில்ல தூங்கற மாதிரி இருந்தது. அதனாலதான் நானே அதுக்கு நல்லவள்னு பேரு வெச்சேன்."

ஷெல்விக்கின் விரல் தன் விரிகுடாவை விட்டு முதன்முறையாக நகர்ந்தது. அவர் வடக்கே ஒரு மீன்பிடித் தீவில் பிறந்தவர். வாயிலிருந்த ரொட்டியை மெல்லாமல் அந்தச் சொல்லைப் படித்தார்.

"என்னன்னு வெச்சீங்க?"

"நல்லவள். ஏன் ஐயா?"

"எங்கண்ணன் ஒரு நல்லவ மேலதான் போனான்" என்றார் ஷெல்விக். "யோவ், நீ நங்கூரம் போட்டிருந்தா இங்க உக்காந்து ரொட்டி தின்ன மாட்ட! திங்கக்கிழமை அஞ்சு கப்பல் போகுதேய்யா இதை நம்பி!"

பெர்கித் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய்க்குள் நான்கு நக்கல்கள் முண்டியடித்தன. வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரீமர்ஸ் பெருமூச்சு விட்டு, தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆள் விழுந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம்.

"ஒத்துக்கறேன். படம் ஐலர்ட் போட்டதுதான். சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட கொடுத்தான். எனக்கு ஆசை, மறைச்சுட்டேன். வெட்கமா இருக்கு. ஐயா, என் பேரை அடிச்சுடுங்க. ஐலர்ட் நீரிணைன்னு போடுங்க."

யென்சினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்றரை வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை. ஷெல்விக் பேனாவை எடுத்தார். அஸ்லாக் தொப்பியை எடுத்தார். அந்த நிமிஷத்தோடு எல்லாரும் எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் ரீமர்ஸுக்கு அது போதவில்லை. யென்சினாவின் வெடித்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கையாலதாம்மா அவன் கண்ணை மூடினேன். ஆகஸ்ட் பதினாலு. மதியம். உம் பேரைச் சொல்லிக்கிட்டே நிம்மதியாப் போனான்."

"நிம்மதியாப் போயிட்டு, அப்புறம் எழுந்து வந்து கடல் மேல நடந்தாராக்கும்!" என்றாள் பெர்கித்.

அஸ்லாக் அவள் காலை மிதித்தார். மிதித்தது வீண். சொல் வெளியே வந்து மேஜை மேல் விழுந்தாகிவிட்டது.

யென்சினாவின் அழுகை நின்றது. மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, மூக்கு படும்படி குனிந்தாள். அவள் மீன்காரன் மகள். ஏழு வயதில் அப்பாவின் படகில் கயிறு பிடித்தவள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நேரா இருக்கு" என்றாள்.

"அழகா இருக்கட்டும்னு நான்தான் நேராக்கி..." என்று தொடங்கினார் ரீமர்ஸ்.

"நல்லவளைச் சுத்தி மட்டும் புள்ளி இல்ல. அங்க பாறைல மோதித் தண்ணி கொதிக்கும். ஐஸ் பிடிக்காது. அங்க நடக்க முடியாது." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அஸ்லாக்கைப் பார்த்தாள். "நீங்க எண்ணியிருப்பீங்களே. எத்தனை?"

"வேண்டாம்மா."

"எத்தனைங்க?"

"நானூத்தி பன்னெண்டு."

"அந்தக் குளிர்ல, தனி ஆள். ஒரு நாளைக்கு எத்தனை குழி வெட்டலாம்?"

ஷெல்விக்தான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலு" என்றார்.

யென்சினாவின் உதடுகள் அசைந்தன. அறையிலிருந்த எல்லாரும் அவளோடு சேர்ந்து வகுத்தார்கள். யாராலும் வகுக்காமல் இருக்க முடியவில்லை.

"நூத்தி மூணு நாள்" என்றாள். "நவம்பர் பாதியிலேருந்து. பிப்ரவரி கடைசி. நாலு மாச இருட்டுக்கு அப்புறம் சூரியன் திரும்பற வாரம்." பிறகு ரீமர்ஸைக் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரி: "ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"கால் உடைஞ்சு கிடந்தான். ஐஸ் நெருங்கிட்டு இருந்தது. தூக்கிட்டு வர நேரமில்ல. விட்டுட்டு வந்தேன்னு கப்பல்ல சொன்னா என் பேரு என்ன ஆகும்? குடிசையில படுக்க வெச்சேன், விறகு வெச்சேன்... ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டான்னு நெனச்சேன்."

"தாங்கியிருக்கார்" என்றாள் யென்சினா.

ஷெல்விக் எழுந்து போய் போலீசுக்குத் தொலைபேசி செய்தார். மற்ற நால்வரும் ரொட்டித் தட்டுகளைத் தங்களிடமிருந்து தள்ளி வைத்தார்கள். ரீமர்ஸைக் கூட்டிக்கொண்டு போக இரண்டு பேர் வந்தார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள். பெர்கித் காலையில் ஆசைப்பட்டது அதுதான். இப்போது அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. யென்சினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு லைன் போட்டது நீதானே, பெர்கித்?"

"யென்சினாக்கா..."

"நீ ஒட்டுக் கேப்பேன்னு ஊருக்கே தெரியும். நான் என்ன சொன்னேன், சொல்லு. எனக்குச் சரியா ஞாபகம் வரல."

பெர்கித் அஸ்லாக்கைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உதவிக்கு வர அவரிடம் ஒன்றும் இல்லை.

"'ஒரு செத்த ஆளுக்காகப் பன்னெண்டு உசிரைப் பணயம் வைக்காதீங்க, அவர் அங்கயே கிடக்கட்டும்'னு சொன்னீங்கக்கா."

"ம். பேப்பர்ல போட்டாங்களே. என்னன்னு போட்டாங்க?"

பெர்கித்தின் வாழ்க்கையில் வாய் திறக்க மறுத்த முதல் தடவை அது. யென்சினா காத்திருந்தாள்.

"'ட்ரொம்சோவின் நல்லவள்'னு போட்டாங்கக்கா."

ஷெல்விக் திரும்பி வந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். பேனாவை எடுத்து, ரீமர்ஸ் என்ற பெயரை மூன்று இடத்திலும் அடித்தார். கொட்டை எழுத்துக்கு மேலே 'ஐலர்ட் நீரிணை' என்று எழுதினார். நங்கூரத்தை அழுத்தமாகக் கிறுக்கி அழித்து, அங்கே பாறைக்குரிய சிலுவைக் குறியைப் போட்டார். அதன் பக்கத்தில் பேனா தயங்கியது.

"இந்தப் பேரையும் மாத்திடலாம்மா. குழு நினைச்சா முடியும். வேற ஏதாவது..."

"மாத்தாதீங்க" என்றாள் யென்சினா. சால்வையை இழுத்து முடிந்துகொண்டு எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் அளந்து பாத்துத்தான் வெச்சிருக்கார். அது என் பேரு."

அவள் போன பிறகு ஷெல்விக் கையெழுத்துப் போட்டார். மணி இரண்டே முக்கால்.